மியாசிஸ்: குடியாத்தம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். பாடம் மாணவர்களுக்கு என்றாலும் சந்தேகங்கள் அவர்களோடு நிற்பதில்லை. வேலூரில் குரோமோசோம் பரிசோதனை செய்துகொண்டு முடிவுத் தாளோடு வரும் தாய், விதைக்குக் காய் ஒதுக்கும் கத்திரி விவசாயி, நீட் தேர்வுக்குப் படிக்கும் பெண் என்று பலரும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அந்த இடம் மியாசிஸ், அதாவது குன்றல் பகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருக்கிறேன். ஆகவே முதலில் இருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

1. உடம்பில் எல்லாமே செல்தானே சார், இனச்செல் மட்டும் எதில் வேறுபடுகிறது?

குரோமோசோம் எண்ணிக்கையில். குரோமோசோம் என்பது ஜீன்களைச் சுமக்கும் டிஎன்ஏ இழைக் கட்டு. தோல், ஈரல், தசை என்று உட்கரு உள்ள எந்த உடல் செல்லை எடுத்தாலும் மனிதருக்கு 46 குரோமோசோம்கள் இருக்கும். 1956-இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் தெளிவாக எண்ணிக் காட்டும் வரை அறிவியல் உலகம் அதை 48 என்றே நம்பியிருந்தது. இந்த 46 என்பது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தையிடம் இருந்து வந்தது, மற்றொன்று தாயிடம் இருந்து வந்தது. இப்படி ஜோடியாக இருக்கும் நிலை இரட்டைமயம்.

இனச்செல்களான விந்தணுவிலும் அண்டசெல்லிலும் 23 மட்டுமே உண்டு. ஒவ்வொரு ஜோடியில் இருந்தும் ஒன்று. இது ஒற்றைமயம். இரட்டைமயச் செல்லில் இருந்து ஒற்றைமயச் செல்லை உருவாக்கும் வேலையின் பெயர்தான் மியாசிஸ். இது விந்தகத்திலும் அண்டகத்திலும் மட்டுமே நடக்கிறது.

2. ஏன் பாதியாகக் குறைய வேண்டும்? முழுதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

46-உம் 46-உம் சேர்ந்தால் குழந்தைக்கு 92, பேரக்குழந்தைக்கு 184. தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிக்கும். ஒரு குரோமோசோம் கூடினாலே உடல் எவ்வளவு தடுமாறும் என்பதை 13-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

ஆகஸ்ட் வைஸ்மான் 1887-இல் இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டே, இனச்செல் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாகக் குறைக்கும் ஒரு பகுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று வாதிட்டார். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பின்னால் அதை உறுதி செய்தார்கள். காரணத்தை யோசித்தே ஒரு நிகழ்வைக் கண்டடைய முடியும் என்பதற்கு உயிரியலில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

3. பாதி என்றால் எந்தப் பாதி? ஏதோ ஒரு 23 இருந்தால் போதுமா?

போதாது. பலர் தவறவிடும் இடம் இதுதான். நம் பக்கத்துப் பாரதக் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூத்துக் குழுக்களிடமும் ஒரே 23 வேடங்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேடத்துக்கு இருவராக 46 பேர். இவர்களில் இருந்து 23 பேர் கொண்ட ஒரு புதுக் குழு அமைக்க வேண்டும். அர்ச்சுனன் அந்தக் குழுவில் இருந்து வரலாம், திரௌபதி இந்தக் குழுவில் இருந்து வரலாம். ஆனால் இரண்டு அர்ச்சுனன்கள் வந்து திரௌபதியே இல்லாமல் போனால் கூத்து நடக்காது.

மியாசிஸ் செய்ய வேண்டியதும் இதுவே. 1-ஆம் குரோமோசோமில் ஒன்று, 2-ஆம் குரோமோசோமில் ஒன்று என்று ஒவ்வொரு வகையிலும் சரியாக ஒன்று. எது தாய் வழி, எது தந்தை வழி என்பது பொருட்டில்லை. அதற்குச் செல் முதலில் தன் ஜோடிகள் எவை என்று கண்டுபிடித்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். மியாசிஸின் பெரும்பகுதி நேரம் இந்த ஜோடி சேர்க்கும் வேலைக்கே போகிறது. ஜோடி சேரும் இந்த இரண்டையும் பாடநூல் ஒத்திசைவு குரோமோசோம்கள் என்று சொல்லும்.

4. மைட்டாசிஸ், மியாசிஸ் இரண்டும் குழப்புகின்றன. ஒரே வரியில் சொல்ல முடியுமா?

உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பகுப்பான மைட்டாசிஸில் ஒரு முறை டிஎன்ஏ நகலெடுப்பு, ஒரு முறை பகுப்பு. மியாசிஸில் ஒரு முறை நகலெடுப்பு, இரண்டு முறை பகுப்பு. இந்த ஒரு வரியில் இருந்து மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை நீங்களே வரவழைத்துவிடலாம். இரண்டு செல்களா நான்கு செல்களா, எண்ணிக்கை அப்படியே இருக்குமா பாதியாகுமா என்பதெல்லாம் இதன் விளைவுகள். இதில் அடங்காத ஒரே பெரிய வேறுபாடு, மியாசிஸில் மட்டும் தாய் வழி, தந்தை வழிக் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்பது.

5. முதல் பகுப்பு முடிந்தவுடனேயே 23 ஆகிவிட்டதே. பிறகு இரண்டாவது பகுப்பு எதற்கு?

நல்ல கேள்வி. முதல் பகுப்பில் ஜோடிகள் பிரிகின்றன. எண்ணிக்கை 46-இல் இருந்து 23 ஆகிறது. ஆனால் பகுப்பு தொடங்கும் முன்பே டிஎன்ஏ நகலெடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்த 23-இல் ஒவ்வொன்றும் இன்னும் இரண்டு இழைகளாகத்தான் இருக்கிறது. இந்த இழைகள் குரோமாட்டிட்டுகள்; சென்ட்ரோமியர் என்ற இணைப்பிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது பகுப்பு அவற்றைப் பிரிக்கிறது.

அப்படியானால் நகலெடுக்காமலேயே ஒரே பகுப்பில் முடித்திருக்கலாமே என்று சிலர் தொடர்ந்து கேட்பார்கள். கணக்குப்படி முடியும். ஆனால் குரோமோசோம் இரண்டு இழைகளாக ஒட்டியிருப்பதுதான் ஜோடிகளைச் சேர்த்துப் பிடித்து வைக்க உதவுகிறது. 8-ஆம் கேள்வியில் இதற்கு விடை இருக்கிறது.

6. தேர்வில் எண்ணச் சொன்னால் எப்படி எண்ணுவது?

சென்ட்ரோமியர்களை எண்ணினால் குரோமோசோம் எண்ணிக்கை கிடைக்கும். இழைகளை எண்ணினால் குரோமாட்டிட் எண்ணிக்கை. மனிதச் செல்லில் முதல் பகுப்பில் ஜோடிகள் சேர்ந்து நிற்கும் பாக்கிடீன் நிலையில் 46 குரோமோசோம், 92 குரோமாட்டிட். முதல் பகுப்பு முடிந்த ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம், 46 குரோமாட்டிட். இரண்டாவது பகுப்பு முடிந்தால் ஒற்றை இழையாக 23. இதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு ஜோடியை மட்டும் இரண்டு நிறப் பேனாவால் வரைந்து பாருங்கள், போதும்.

7. குறுக்கேற்றத்தில் உண்மையிலேயே குரோமோசோம் உடைகிறதா, அல்லது அது வெறும் படமா?

உண்மையிலேயே உடைகிறது. முதல் பகுப்பின் தொடக்கத்தில் ஸ்போ11 என்ற புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பல இடங்களில் வெட்டுகிறது. வேறு எந்தச் சமயத்திலும் செல்லுக்கு ஆபத்தான இந்த வெட்டுகளை, செல் இங்கே தானே திட்டமிட்டுச் செய்துகொள்கிறது. வெட்டுப்பட்ட முனை தன் ஜோடிக் குரோமோசோமில் தனக்கு ஒத்த வரிசையைத் தேடிப் போய், அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. இந்தப் பழுதுபார்ப்பில் ஒரு பகுதி குறுக்கேற்றமாக முடிகிறது. அதாவது தந்தை வழிக் குரோமோசோமின் ஒரு நீண்ட துண்டு தாய் வழிக் குரோமோசோமுக்கும், அங்கிருந்தது இங்கும் இடம் மாறுகின்றன. மாற்றம் ஒரே குரோமோசோமின் இரண்டு இழைகளுக்குள் அல்ல, ஜோடியில் எதிரெதிரே நிற்கும் இழைகளுக்கு இடையில். நீட் தேர்வில் இந்த இடத்தைக் கவனித்து எழுதுங்கள்.

துண்டுகள் கண்ணெதிரே இடம் மாறுகின்றன என்பதை 1931-இல் மக்காச்சோளத்தில் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் நிரூபித்தார்கள். ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் கூடுதல் துண்டும் இருந்த ஒரு குரோமோசோமை எடுத்துக்கொண்டார்கள். விதையின் நிறம் போன்ற பண்புகள் புதிதாகக் கலந்த செடிகளில், குமிழும் கூடுதல் துண்டும்கூட ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன.

8. குறுக்கேற்றம் நடக்காவிட்டால் கலப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான விடை இது. குறுக்கேற்றம் கலப்புக்காக நடக்கிறது என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். அது பாதி உண்மை. குறுக்கேற்றம் இல்லாவிட்டால் ஜோடிகள் சரியாகப் பிரியவே முடியாது.

காரணம் இது. ஜோடிகள் சேர்ந்த பிறகு அவற்றைச் சேர்த்து வைத்திருந்த புரத ஏணி கரைந்துவிடுகிறது. அப்போது அவற்றைப் பிணைத்து நிறுத்துவது கயாஸ்மா, அதாவது குறுக்கேற்றம் நடந்த முடிச்சு. ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு இழைகளும் கோஹீசின் என்ற புரத வளையங்களால் ஒட்டியிருக்கின்றன. இழைகள் இடம் மாறியிருப்பதால் இந்த ஒட்டே இரண்டு குரோமோசோம்களையும் பூட்டி வைக்கிறது. கதிர்கோல் இழைகள் இரு பக்கமும் இழுக்கும்போது முடிச்சு எதிர்த்து நிற்கும். இழுப்பும் எதிர்ப்பும் சமமானால்தான் “ஜோடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்” என்று செல்லுக்கு உறுதியாகிறது. பிறகுதான் குரோமோசோமின் கரங்களில் உள்ள கோஹீசின் அறுபட்டு ஜோடி பிரிகிறது. சென்ட்ரோமியர் அருகே மட்டும் ஷுகோஷின் என்ற காவல் புரதம் கோஹீசினைக் காப்பாற்றி இரண்டாவது பகுப்பு வரை வைத்திருக்கிறது.

முடிச்சு விழாத ஜோடி தனித்தனியாக மிதக்கும். இரண்டுமே ஒரே பக்கம் போகலாம். அதனால்தான் செல் ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒரு குறுக்கேற்றமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. ஆண் பழ ஈ போலக் குறுக்கேற்றமே இல்லாமல் வேறு வழியில் சமாளிக்கும் உயிர்களும் உண்டு. ஆனால் நம் விஷயத்தில், குழந்தை உங்களைப் போலவே இல்லாமல் இருப்பதற்கும், 46 குரோமோசோம்களோடு நலமாகப் பிறப்பதற்கும் காரணம் ஒரே செயல்தான். இது புரிந்துவிட்டால் இனி வரும் விடைகளில் பாதி தானாகவே புரியும்.

9. 80 லட்சம் சேர்க்கைகள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

முதல் பகுப்பில் ஒவ்வொரு ஜோடியும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பது மற்ற ஜோடிகளைப் பொறுத்தது அல்ல. ஜோடிக்கு இரண்டு வாய்ப்பு, 23 ஜோடிகள். இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608. ஒரே நபரிடம் இருந்து இத்தனை வகை இனச்செல்கள் வரலாம். கணவன், மனைவி இருவரின் கணக்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 70 லட்சம் கோடி. குறுக்கேற்றத்தைச் சேர்க்காமலேயே இவ்வளவு. அதையும் சேர்த்தால் எண்ணிக்கைக்கு நடைமுறையில் எல்லை இல்லை.

10. எனக்கும் என் அண்ணனுக்கும் ஜீன்கள் சரியாக 50 சதவீதம் ஒத்திருக்கும் அல்லவா? அப்படியும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில்தான் பாதி என்பது உறுதி. உடன்பிறந்தவர்களுக்கு 50 என்பது சராசரி மட்டுமே. ஆயிரக்கணக்கான உடன்பிறப்பு ஜோடிகளை அளந்து 2006-இல் வெளியான ஆய்வில் இந்தப் பகிர்வு ஏறத்தாழ 37 சதவீதத்தில் இருந்து 62 சதவீதம் வரை வேறுபட்டிருந்தது. தாத்தா பாட்டியிடம் இருந்து வருவதும் இப்படித்தான். நால்வரில் ஒவ்வொருவரிடம் இருந்தும் சரியாக 25 வர வேண்டும் என்று விதி இல்லை.

இந்தக் குலுக்கலில் சேராத இரண்டு உண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏ தாயிடம் இருந்து அப்படியே வருகிறது. ஒய் குரோமோசோம், நுனிகள் தவிர, தந்தையிடம் இருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகிறது.

11. மூன்றும் பெண் குழந்தைகள். மருமகளின் கர்ப்பப்பையில்தான் குறை என்று சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை. பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அவர் தரும் அண்டசெல் எதுவானாலும் அதில் எக்ஸ்தான் இருக்கும். ஆணிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். அவருடைய மியாசிஸில் அவை பிரிந்து விந்தணுக்களில் பாதி எக்ஸோடும் பாதி ஒய்யோடும் வருகின்றன. எது முட்டையோடு சேர்கிறதோ அதுவே குழந்தையின் பாலைத் தீர்மானிக்கிறது. 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் புழுவண்டுகளின் விந்தணுக்களை ஆராய்ந்து இதைக் காட்டினார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த உண்மை இது.

இதற்காக மாமியார் கணவன் பக்கம் விரலைத் திருப்பவும் கூடாது. எந்த விந்தணு முந்தும் என்பதை அவரும் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்று குழந்தைகளும் பெண்ணாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு வீடு இருப்பது இயல்பு. நான்காவது குழந்தைக்கும் வாய்ப்பு மீண்டும் பாதிக்குப் பாதிதான். முன்பு பிறந்தவற்றின் கணக்கை மியாசிஸ் வைத்திருப்பதில்லை.

12. ஆணுக்கும் பெண்ணுக்கும் மியாசிஸ் ஒரே மாதிரிதான் நடக்கிறதா?

குரோமோசோம் ஆட்டம் ஒன்றே. காலமும் பங்கீடும் முற்றிலும் வேறு. ஆணுக்குப் பருவ வயதில் தொடங்கி முதுமை வரை நாள்தோறும் நடக்கிறது. ஒரு செல்லில் இருந்து நான்கு விந்தணுக்கள் கிடைக்கின்றன.

பெண்ணுக்கோ தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே மியாசிஸ் தொடங்கிவிடுகிறது. 20 வாரக் கருவில் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவமடையும்போது 3 அல்லது 4 லட்சம். அவையெல்லாம் குறுக்கேற்றத்தை முடித்துவிட்டு, முதல் பகுப்பின் நடுவில் அப்படியே நின்று காத்திருக்கும். மாதந்தோறும் பொதுவாக ஒன்று விழித்து முதல் பகுப்பை முடிக்கிறது. இரண்டாவது பகுப்பு விந்தணு நுழைந்த பிறகுதான் முடிகிறது. விந்தணு வராவிட்டால் முடிவதே இல்லை. பங்கீடும் சமமாக இருக்காது. சைட்டோபிளாசம் முழுவதும் ஒரே முட்டைக்குப் போகிறது, மீதி குரோமோசோம்கள் சிறிய துருவ செல்களாக ஒதுங்கி அழிகின்றன. கருவை முதல் சில நாட்கள் ஊட்டி வளர்க்க வேண்டிய சேமிப்பு அந்த முட்டையில்தான் இருக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. நீங்கள் உருவான முட்டைக்கு வேண்டிய குறுக்கேற்றம், உங்கள் தாய் அவருடைய தாயின் கருப்பையில் இருந்தபோதே நடந்து முடிந்துவிட்டது.

13. என் நாத்தனாருக்கு 39 வயதில் பிறந்த குழந்தைக்கு டவுன் நோய்க்குறி. அவர் என்ன தவறு செய்தார்?

எந்தத் தவறும் செய்யவில்லை. முதலில் இதை அவரிடம் சொல்லுங்கள்.

டவுன் நோய்க்குறியில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். 1959-இல் ஜெரோம் லெஜூன் குழுவினர் இதைக் கண்டறிந்து வெளியிட்டனர். பெரும்பாலும் முட்டை உருவாகும் மியாசிஸில் அந்த ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போனதால் இது நேர்கிறது. 8-ஆம் விடையில் சொன்ன கோஹீசின் வளையங்கள் பெண் கருவாக இருக்கும்போதே பூட்டப்பட்டவை. முட்டை 39 ஆண்டுகள் காத்திருந்தால் பூட்டும் அத்தனை ஆண்டுகள் பழையது. தளர்ந்த பூட்டில் ஜோடி முன்கூட்டியே விலகலாம். அதனால் வாய்ப்பு வயதோடு கூடுகிறது. தாயின் வயது 25 என்றால் சுமார் 1,200 பிறப்புகளில் ஒன்று, 35 என்றால் சுமார் 350-இல் ஒன்று, 40 என்றால் சுமார் 100-இல் ஒன்று. அவர் சாப்பிட்டது, வேலைக்குப் போனது, கிரகணத்தன்று வெளியே வந்தது எதற்கும் இதில் பங்கில்லை.

இளம் தாய்களுக்கும் இது நேரும். சிறு பகுதியினரில் கூடுதல் 21-ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அந்த வகையில் மட்டும் பெற்றோரில் ஒருவர் நலமாக இருந்துகொண்டே அந்த ஒட்டைச் சுமந்திருக்கலாம், அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடும். எனவே குழந்தையின் குரோமோசோம் பரிசோதனைத் தாளை மரபியல் மருத்துவரிடம் காட்டி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

14. அக்காள் மகளைக் கட்டுவது எங்கள் வழக்கம். சொந்தத்தில் கட்டினால் மியாசிஸில் கலப்பே நடக்காது என்கிறார்களே?

கலப்பு வழக்கம்போல் நடக்கும். மியாசிஸுக்கு உறவுமுறை தெரியாது. மாறுவது, கலக்கப்படும் பொருள். தாய் மாமனும் அக்காள் மகளும் மணந்தால், மாமனின் பெற்றோரே பெண்ணின் தாத்தா பாட்டி என்பதால், அவர்களிடம் இருந்து வந்த அதே துண்டுகள் இருவரிடமும் நிறைய இருக்கும். பிறக்கும் குழந்தைக்கு, எந்த ஓர் இடத்தை எடுத்தாலும், இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே துண்டாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அது பதினாறில் ஒன்று.

இது ஏன் கவலைக்குரியது? நம் எல்லோரிடமும் ஒற்றைப் பிரதியில் பழுதான சில ஜீன்கள் உண்டு. மற்றொரு பிரதி நன்றாக இருப்பதால் தெரிவதில்லை. அதே பழுது இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் தலசீமியா, பிறவிச் செவிட்டுத்தன்மையில் சில வகைகள் போன்ற நோய்கள் வெளிப்படும். சொந்தத்தில் திருமணம் செய்த எல்லோருடைய குழந்தைக்கும் நோய் வரும் என்பது இல்லை, பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு நோய் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவதை நான் வற்புறுத்துவேன்.

15. ஹீமோஃபிலியாவுக்காக வேலூருக்கு வருகிறோம். எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை. திடீரென்று எங்கிருந்து வந்தது?

வேலூர் சிஎம்சி மருத்துவமனை, இரத்தம் சரியாக உறையாத இந்த நோய்க்கு நெடுங்காலமாகச் சிகிச்சை தருகிறது. ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அங்கே அளிக்கப்பட்ட ஜீன் சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. உங்கள் கேள்விக்கு விடை மியாசிஸில் இருக்கிறது.

இரத்தம் உறைய வேண்டிய எட்டாம் காரணியின் ஜீன் எக்ஸ் குரோமோசோமின் நுனிக்கு அருகில் உள்ளது. அந்த ஜீனுக்குள் இருக்கும் ஒரு வரிசையின் பிரதிகள், இன்னும் நுனி நோக்கி வெளியிலும் இருக்கின்றன. பெண்ணின் மியாசிஸில் இரண்டு எக்ஸும் நீளவாக்கில் ஜோடி சேர்ந்துகொள்ளும். ஆணின் எக்ஸுக்குத் துணை ஒய் மட்டுமே. அவை நுனிகளில்தான் சேர முடியும். மற்ற இடமெல்லாம் தனித்து நிற்கும் எக்ஸ், அரிதாகத் தன் மேலேயே மடிந்து, தன் இரண்டு பிரதிகளுக்கு இடையிலேயே குறுக்கேற்றம் செய்துகொள்கிறது. நடுவில் உள்ள துண்டு தலைகீழாகத் திரும்பி ஜீன் இரண்டாக முறிகிறது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு இந்தத் தலைகீழ் மாற்றமே காரணம்.

ஆகவே பழுது பெரும்பாலும் குழந்தையின் தாய்வழித் தாத்தாவின் விந்தணுவில், அல்லது அவருக்கும் முந்தைய ஓர் ஆணிடம் தோன்றியிருக்கும். தாத்தாவுக்கு நோய் இல்லை, ஏனெனில் அவருடைய உடல் செல்கள் நன்றாக இருந்தன. தாய்க்கு இன்னோர் எக்ஸ் காப்பாக இருந்தது. பேரனிடம்தான் முதல் முறையாக வெளிப்பட்டது.

16. இலவம்பாடி முள் கத்திரியில் விதை எடுத்து விதைத்தால் அதே காய் வருகிறது. ஹைபிரிட் கத்திரியில் எடுத்தால் கன்னாபின்னாவென்று வருகிறது. இரண்டிலும் மியாசிஸ் நடக்கிறதுதானே?

இரண்டிலும் நடக்கிறது. கத்திரிக்கு 24 குரோமோசோம், 12 ஜோடி. புவிசார் குறியீடு பெற்ற நம் முள் கத்திரியைத் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் நல்ல காய் பார்த்து விதைக்கு ஒதுக்கி வந்திருக்கிறார்கள். கத்திரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். அப்படித் திரும்பத் திரும்ப நடக்கும்போது ஜோடியின் இரண்டு குரோமோசோம்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. குலுக்கல் நடக்கிறது, ஆனால் மாற்றிக்கொள்ளப்படும் துண்டுகள் ஒன்றுபோலவே இருப்பதால் விளைவு தெரிவதில்லை.

ஹைபிரிட் என்பது வேறுபட்ட இரண்டு தூய வகைகளின் முதல் தலைமுறை. எல்லாச் செடிகளுக்கும் ஒரே ஜோடிதான் என்பதால் தோட்டம் சீராக இருக்கும். ஆனால் அந்த ஜோடியின் இரு பக்கமும் வெவ்வேறு. அது பூத்து மியாசிஸ் நடந்தவுடன் 9-ஆம் விடையில் சொன்ன கணக்கு இங்கே 12 ஜோடிகளுக்கு ஓடும். அடுத்த தலைமுறை விதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. விதைக் கம்பெனி விதையைக் கெடுத்து விற்றது என்று சிலர் கோபப்படுகிறார்கள். இங்கே நடப்பது மெண்டல் சொன்ன பிரிதல்தான். ஒரு குறிப்பு: தேனீக்கள் கத்திரிப் பூவுக்கும் வரும், சிறிதளவு அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும். முள் கத்திரி விதைக்கு வைக்கும் செடிகளை வேறு ரகங்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

17. அப்படியானால் மாவுக்கு ஒட்டுக் கட்டுவதும், வாழைக்குக் கன்று வைப்பதும் மியாசிஸைத் தவிர்க்கத்தானா?

ஆம். பங்கனப்பள்ளி மாமரத்தின் ஜோடிகள் இரு பக்கமும் மிகவும் வேறுபட்டவை. அதன் கொட்டையை நட்டால் புதிய ஒரு மரம் வரும், பங்கனப்பள்ளி வராது. ஒட்டுக் கட்டினால் மைட்டாசிஸ் மட்டுமே. மரம் அப்படியே தொடரும். கரும்புக் கரணையும் இதே கதை.

வாழை இன்னொரு படி மேலே. பூவன், ரஸ்தாளி இரண்டுக்கும் 33 குரோமோசோம், 11 வகை, ஒவ்வொன்றும் மூன்று. மூன்று பேரை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது. மியாசிஸ் குளறுபடியாகி நல்ல இனச்செல்கள் கிடைப்பது அரிது. பழத்தில் விதை இல்லாமல் இருக்க இது ஒரு காரணம். அதே காரணத்தால் அவற்றில் புதிய கலப்பும் எளிதில் வராது. ஒரு நோய் ஒரு செடியை வீழ்த்தினால் அந்த ரகத்தின் எல்லாச் செடியையும் வீழ்த்த வல்லது.

18. கோவேறு கழுதை ஏன் குட்டி போடுவதில்லை?

குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சேர வேண்டியவை பொருந்தாமல் போகின்றன. 3-ஆம் விடையும் 8-ஆம் விடையும் இதற்குப் போதும்.

19. ஆய்வகத்தில் வெங்காய வேர் நுனியில் மியாசிஸ் பார்க்க முடியுமா?

முடியாது. வேர் நுனியில் மைட்டாசிஸ் மட்டுமே. மியாசிஸ் பார்க்க வேண்டுமானால் வெங்காயத்தின் இளம் பூமொட்டில் மகரந்தப்பையை எடுத்து அசிட்டோகார்மினில் நசுக்கிப் பாருங்கள். விரிந்த பூ பயன்படாது. அதற்குள் மகரந்தம் முதிர்ந்துவிட்டிருக்கும். சிறியதில் இருந்து பெரியது வரை மொட்டுகளை வரிசையாக எடுத்தால் ஏதாவது ஒன்றில் கிடைக்கும்.

20. மியாசிஸ் புதிய ஜீன்களை உருவாக்குகிறதா?

பொதுவாக இல்லை. ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்போம். புதிய அல்லீல்கள் திடீர் மாற்றத்தால் தோன்றுகின்றன. மியாசிஸ் இருப்பவற்றைப் புதிய கூட்டணியில் சேர்க்கிறது. ஆனால் இந்தக் கூட்டணி சாதாரண விஷயம் அல்ல. ஒரு நல்ல அல்லீல் கெட்ட அல்லீலோடு ஒரே குரோமோசோமில் மாட்டிக்கொண்டிருந்தால், குறுக்கேற்றம்தான் அதை விடுவிக்கிறது. நோய் எதிர்ப்புத் திறனையும் நல்ல விளைச்சலையும் ஒரே நெல்லில் கொண்டுவரும் இனப்பெருக்க வல்லுநர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்த விடுதலையைத்தான். பிரதிகள் தவறாக வரிசை சேர்ந்து குறுக்கேற்றம் நடந்தால் ஒரு ஜீன் இரண்டாகப் பெருகுவதும் உண்டு. அரிது என்றாலும் பரிணாமத்தில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

21. ஜவ்வாது மலையில் தேன் எடுப்பவர் ஒருவர், ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது என்றார். அப்படியானால் அது எப்படி விந்தணு உண்டாக்கும்? எதைப் பாதியாக்கும்?

அவர் சொன்னது சரி. ராணித் தேனீக்கும் வேலைக்காரத் தேனீக்கும் 32 குரோமோசோம். கருவுறாத முட்டையில் இருந்து வரும் ஆண் தேனீக்கு 16 மட்டுமே. அதனிடம் ஜோடியே இல்லை. ஆகவே ஆண் தேனீயில் மியாசிஸின் முதல் பகுப்பு தொடங்கி, எதையும் பிரிக்காமல் பாதியில் கைவிடப்படுகிறது. அடுத்தது மைட்டாசிஸ் போலவே நடக்கிறது. 16-இல் இருந்து 16. அதனால் ஓர் ஆண் தேனீயின் விந்தணுக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

தந்தை பக்கத்தில் குலுக்கல் இல்லாவிட்டாலும் ஒரு கூட்டின் தேனீக்களுக்குள் வேறுபாடு குறைவதில்லை. ராணி பறந்து சென்று பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது. தாய் பக்கத்திலோ ராணியின் மியாசிஸ் இருக்கிறது. விலங்குகளில் இதுவரை அளந்தவற்றுள் மிக அதிகமான குறுக்கேற்ற வீதம் உள்ளவற்றில் தேனீ ராணியுடையதும் ஒன்று. அதே நீள டிஎன்ஏவில் மனிதரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.